உப்புத் தண்ணீர் வீட்டில் துணி துவைத்தல்: நேரமும் பணமும் மிச்சமாவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பல ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி வருகிறேன். எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், வந்த ஒரு மாதத்துக்குள் துணி துவைப்பதைப் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். மாடியில் துணி காயப்போடும்போது அவரவருக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எவ்வளவு பவுடர் போட்டாலும் நுரை வருவதில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாமா?

போடுவதற்கு முன்னால் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் சாதாரணக் குளியல் சோப்பைச் சுண்டைக்காய் அளவு சீவிப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையோ பிடித்து அதே போலச் செய்யுங்கள். மழைநீர்ப் பாட்டிலில் நுரை கழுத்து வரை எழும்பி நிற்கும். கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருக்கும். உப்புத் தண்ணீர்ப் பாட்டிலிலோ நுரை எழும்பிய வேகத்தில் அடங்கி, பால் திரிந்தது போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அந்தத் துணுக்குகள்தாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோப்பு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அதைக் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன. துணியைச் சென்றடைவதற்கு முன்பே சோப்பு செலவாகிவிடுகிறது.

சலவைப் பவுடர் குளியல் சோப்பைப் போல அவ்வளவு எளிதாகத் திரிவதில்லை. ஆனாலும் அதில் கலந்துள்ள பொருள்களில் ஒரு பங்கு, அழுக்கை எடுப்பதற்கு முன்னால் தண்ணீரின் கடினத்தன்மையோடு, அதாவது அந்தக் கால்சியம், மக்னீசியத்தோடு, போராடவே செலவாகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருப்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரும் துவைப்பதற்குப் படுமோசமாக இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

இதற்கு மலிவான வழி சலவைச் சோடா. கடைகளில் வண்ணான் சோடா என்றும் கேட்டு வாங்குவார்கள். பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி முதல் ஒரு மேசைக்கரண்டி வரை, உப்பின் அளவைப் பொறுத்துப் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் வைத்தால், சுண்ணாம்புச் சத்து வெண்படலமாகக் கீழே படியும். மேலே நிற்கும் தண்ணீரைத் தனியே இறுத்துக்கொண்டு அதில் பவுடரைக் கரையுங்கள். வழக்கமாகப் போடுவதில் பாதியைப் போட்டுத் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் ஒன்றல்ல. ஆப்பச் சோடா இந்த வேலையைச் சரிவரச் செய்யாது. சலவைச் சோடா காரமானது என்பதால் கைபட நெடுநேரம் அலசக் கூடாது, பட்டிலும் கம்பளியிலும் அதைக் காட்டவே கூடாது.

இயந்திரத்தில் துவைக்கிறவர்கள் அழுக்கு மிகுந்த துணிகளை மட்டும் இப்படித் தனி வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் போட்டாலே போதும். இரவு முழுவதும் ஊறப்போடும் பழக்கத்தை நம் ஊர் வெப்பத்தில் விட்டுவிடுவது நல்லது. அழுக்கு ஊறி இறங்கிய தண்ணீரிலேயே துணி கிடந்து விடியற்காலையில் நாற்றம் எடுக்கும். அந்த நாற்றத்தைப் போக்க இன்னொரு முறை துவைக்க வேண்டியிருக்கும்.

நுரை பொங்கினால்தானே அழுக்குப் போகும்?

இல்லை. அழுக்கைப் பிரித்தெடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் சலவைப்பொருள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறு முனை தண்ணீரைப் பற்றும். நுரை அதன் உடன்விளைவு மட்டுமே. இயந்திரத்தில் நுரை மிகுந்தால் துணிகள் ஒன்றோடொன்று உராய்வது குறைவதோடு, அலசுவதற்குக் கூடுதல் தண்ணீரும் நேரமும் ஆகும்.

நீங்கள் அளவுக்கு மீறிப் போடுகிறீர்களா என்று அறிய, துவைத்து முடித்த ஒரு துண்டை எடுத்து வாளி நிறைய நல்ல தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டினால் அடுத்த முறை கால் பங்கைக் குறையுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை வாராவாரம் இப்படிக் குறைத்துக்கொண்டே வரலாம். துண்டு சொரசொரப்பாகவும் கருப்புச் சட்டை வெளிறிய கோடுகளோடும் காய்வதற்கு, துணியில் தங்கிய பவுடரும் உப்பும் பெரும்பாலும் காரணம். அதற்காகத் தனியாகத் துணி மென்மையாக்கும் திரவம் வாங்குவது ஒரு செலவை மறைக்க இன்னொரு செலவு செய்வதாகும்.

வெந்நீரில் துவைத்தால் பவுடர் குறைவாகப் பிடிக்குமா?

குளிர்நாட்டுக் குழாய்களில் பனிபோல் தண்ணீர் வருகிறது; வெந்நீரில் துவைக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதியில் 28 பாகை செல்சியசுக்கு அருகில் இருக்கிறது. சித்திரை, வைகாசி நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. பவுடரில் சேர்க்கப்படும் நொதிகள் (என்சைம்கள்) வெதுவெதுப்பான தண்ணீரிலேயே நன்றாக வேலை செய்யும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அவை செயலிழந்துவிடும். ஆகவே கோடைக் காலத்தில் பிற்பகலில் துவைத்தால் சூரியனே இலவசமாகச் சுடவைத்த தண்ணீர் கிடைக்கிறது.

கணக்கும் சொல்கிறேன். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றுவதற்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். மாதம் இருபது முறை வெந்நீரில் துவைத்தால், இரண்டு மாத மின்கணக்கீட்டில் இதற்கு மட்டும் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினாலோ தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விகிதம் கூடிவிடும். 490, 495 என்று விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த இருபது யூனிட் பெரிய தொகை. நோயாளியின் படுக்கைவிரிப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படித் துணி ஆகியவற்றுக்கு வெந்நீரை ஒதுக்கி வையுங்கள்.

முன்பக்கம் திறப்பதா, மேல்பக்கம் திறப்பதா, செமி ஆட்டோமேட்டிக்கா? எதை வாங்கலாம்?

லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தையே பரிந்துரைப்பேன். அது ஒரு முறைக்கு எடுக்கும் தண்ணீர், மேல்பக்கம் திறக்கும் முழுத் தானியங்கி எடுப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. வேகமாகச் சுற்றிப் பிழிவதால் துணியும் சீக்கிரம் காயும். ஆனால் விலை அதிகம், ஒரு சுற்று முடிய நேரமும் அதிகம், தண்ணீரின் சுண்ணாம்பு அதன் சூடேற்றும் கம்பியில் படியும்.

செமி ஆட்டோமேட்டிக்கைப் பழைய பொருள் என்று பலர் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் ஒரு சோப்புத் தண்ணீரை முதலில் வெள்ளைத் துணிக்கும், பிறகு வண்ணத் துணிக்கும், கடைசியாக மிதியடிக்கும் பயன்படுத்தலாம். தண்ணீர் வரும் நேரம் நிச்சயமில்லாத தெருக்களில், வாளியால் மொண்டு ஊற்றித் துவைக்க முடிவதே பெரிய உதவி. பக்கத்தில் நின்று துணியை மாற்றிப் போட ஆள் இருக்க வேண்டும் என்பதே அதன் குறை.

எதை வாங்கினாலும் மேல்நிலைத் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்தளத்து வீட்டில் தண்ணீர் நூலாக விழும். இயந்திரம் நிரம்புவதற்கே இருபது நிமிடம் காத்திருக்கும். எங்கள் இயந்திரமும் இப்படி மெதுவாக நிரம்பியபோது, அதை இயந்திரத்தின் கோளாறு என்று எண்ணி இரண்டு முறை பழுதுபார்க்கிறவரை வரவழைத்துப் பணம் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தவர், தண்ணீர் நுழையும் குழாயின் வாயில் இருந்த சின்னஞ்சிறு வலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். அரைக் கரண்டி மணல் கொட்டியது. இப்போது அந்த வலையை மாதம் ஒருமுறை நானே பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுகிறேன்.

எந்தத் துணியை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்?

உள்ளாடை, பனியன், காலுறை, வியர்வையில் நனைந்த சட்டை ஆகியவற்றை ஒருமுறை உடுத்தியதும் துவைத்தாக வேண்டும். நம் புழுக்கத்தில் இதில் சலுகை கிடையாது. மாலையில் இரண்டு மணி நேரம் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ உடுத்திச் சென்ற சேலை, கால்சட்டை, ஜீன்ஸ் போன்றவற்றை அவிழ்த்தவுடன் அழுக்குக்கூடையில் போடுவதுதான் வீண்வேலை. காற்றோட்டமான இடத்தில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு மடித்துவைத்தால் இன்னும் இரண்டு முறை உடுத்தலாம். குளியல் துண்டு ஒவ்வொரு முறையும் விரித்துக் காயப்போடப்பட்டால் மூன்று நாள் தாங்கும். கதவின் மேல் சுருட்டிப் போட்டால் மறுநாளே நாறும்.

ஈரத்துணியை எந்தக் காரணத்துக்காகவும் அழுக்குக்கூடைக்குள் போடாதீர்கள். விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் நனைந்த சட்டை ஒன்று, கூடையிலுள்ள மற்ற துணிகள் அனைத்தையும் ஒரே இரவில் கெடுக்கும். வெள்ளைப் பள்ளிச் சீருடையில் கருப்புப் புள்ளிகள் விழுவது இப்படித்தான். அந்தப் பூஞ்சைப் புள்ளி விழுந்த பின் அதைப் போக்குவது மிகக் கடினம்.

சாம்பார்க் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது. சட்டை வீணா?

வீணில்லை, பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரத்தன்மை உடையது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். சோப்பு போக நன்றாக அலசுங்கள். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும். சிவப்பைக் கண்டு மேலும் மேலும் தேய்ப்பதால் துணியின் இழைதான் தேயும். முதலில் எண்ணெய் போகும்படி பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொண்டு மென்மையாகக் கசக்கி அலசிவிட்டு, கறைப்பட்ட பக்கம் மேலே தெரியும்படி ஈரத்தோடு நல்ல வெயிலில் விரியுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. ஒரு பிற்பகலில் வெளிறும். இரண்டாம் நாள் தேடினாலும் கிடைக்காது. வெள்ளைச் சட்டைக்கு இதைவிடச் சிறந்த கறைநீக்கியை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை.

இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். சுடுநீர் பட்டால் கறை இறுகிப்போகும். துருக் கறையில் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் வைத்துப் பிறகு அலசலாம். அதில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் கறை மேலும் அழுந்தும். பந்துமுனைப் பேனா மைக்கு, அடியில் பழந்துணியை வைத்துக் கைக்கிருமிநாசினியால் ஒற்றியெடுக்கலாம். வாழைக் கறை மட்டும் எதற்கும் மசியாது. வாழைத்தண்டு நறுக்கும்போதும் தார் வெட்டும்போதும் பழைய உடை உடுத்திக்கொள்வதே வழி.

வேட்டி மங்கலாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் போடலாமா?

எப்போதாவது, மிகக் குறைந்த அளவில், பருத்தி வேட்டிக்கு மட்டும் போடலாம். இரும்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் அதைப் போட்டால் வெள்ளை மேலும் மஞ்சளாகும். பட்டு, கம்பளி இழைகளை அது அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரையோ அதன் திரவத்தையோ கழிப்பறை கழுவும் அமிலத்தோடு எந்த வாளியிலும் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் உப்புத் தண்ணீரே. கடைசி அலசலை மட்டும் மழைநீரிலோ நல்ல தண்ணீரிலோ செய்து, சில சொட்டு நீலத்தைத் தண்ணீரில் முழுவதும் கரைத்த பிறகு வேட்டியை முக்கியெடுங்கள். நீலம் மஞ்சள் சாயலை ஈடுசெய்து கண்ணுக்கு வெண்மையாகக் காட்டும். கஞ்சிக்குத் தனிப் பொடி வாங்க வேண்டியதில்லை. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டித் தண்ணீர் சேர்த்துக்கொண்டால் போதும். கஞ்சி போட்ட வேட்டியில் அழுக்கு கஞ்சியின் மேலேயே தங்குவதால் அடுத்த முறை துவைப்பதும் எளிது.

இஸ்திரிக்கு மாதம் நிறையச் செலவாகிறது. எப்படிக் குறைப்பது?

பெரும்பாலான வீடுகளில் பவுடரைவிட இதுவே பெரிய செலவு என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் தெருவில் ஒரு துணிக்குப் பத்து ரூபாய், நாளொன்றுக்கு நான்கு துணி, மாதம் 25 நாள் என்றால் ஆயிரம் ரூபாய் ஆகிறது.

சுருக்கம் விழுவது இஸ்திரி மேசையில் தீர்மானமாவதில்லை, கொடியில்தான் தீர்மானமாகிறது. இயந்திரம் நின்றவுடன் துணியை வெளியே எடுங்கள். உள்ளேயே இரண்டு மணி நேரம் கிடந்தால் சுருக்கங்கள் படிந்துவிடும். சட்டையின் தோள்களைப் பிடித்துப் பட்டென்று ஓசை வரும்படி இரண்டு முறை உதறுங்கள். கழுத்துப்பட்டையையும் பொத்தான் பட்டையையும் கையால் நீவிவிட்டு, ஹேங்கரில் மாட்டிக் காயவிடுங்கள். சேலையையும் படுக்கைவிரிப்பையும் இருவர் இரு முனைகளைப் பிடித்து இழுத்து மடித்த பின் கொடியில் போடுங்கள். இப்படிச் செய்த பிறகு வீட்டில் உடுத்தும் துணி, செயற்கை இழை கலந்த சட்டை, சுடிதார் ஆகியவற்றுக்கு இஸ்திரி தேவைப்படுவதே அரிது.

வீட்டில் தேய்ப்பவர்கள் தினம் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்காமல், வாரம் ஒருமுறை ஒரே மூச்சில் தேய்க்கலாம். லேசான ஈரத்தோடு எடுத்த பருத்தி பாதி நேரத்தில் படியும். முதலில் செயற்கை இழைத் துணிகள், சூடு ஏறிய பின் பருத்தி, பெட்டியை அணைத்த பிறகு மிஞ்சும் சூட்டில் கைக்குட்டைகள் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனையில் வண்டி போட்டுத் தேய்ப்பவரிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைச் சிக்கனமாக நான் கருதவில்லை. கரிப்பெட்டியின் எடையை நாள் முழுவதும் நின்றுகொண்டே தள்ளும் உழைப்பு அது. தேவையில்லாத துணிகளைக் கொடுப்பதைக் குறையுங்கள். கொடுக்கும் துணிக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள்.

பட்டுச் சேலையை ஒவ்வொரு முறையும் டிரை கிளீனிங் கொடுக்க வேண்டுமா?

ஒரு முகூர்த்தத்துக்கு உடுத்திக் களைந்த சேலைக்கு அவசியமில்லை. நிழலில் சில மணி நேரம் விரித்து வியர்வை ஈரம் போனபின், பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். சாயம் போகாத, சரிகை குறைந்த பழைய பட்டைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்ல அலசி நிழலில் காயவைக்கலாம். கனத்த சரிகைப் புடவையில் எண்ணெய் கொட்டிவிட்டால் மட்டும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டியின் கழிவுநீரைத் துவைக்கப் பயன்படுத்தலாமா?

வீணாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம் நல்லது, ஆனால் அந்தத் தண்ணீருக்கேற்ற வேலை இதுவன்று. வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவதோ காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த மென்மையான தண்ணீர். கடலோர ஊர்களில் ஓர் இரவில் வாளியில் நன்றாகவே சேரும். அதில் சிறு துணிகளை அலசலாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது 2003-ஆம் ஆண்டில். நிலத்துக்குள் விடுவதற்கு முன், முதல் மழையைக் கழித்துவிட்டு ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால் அந்த மாத வெள்ளைத் துணிகள் அனைத்துக்கும் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய்வதில்லை. என்ன செய்வது?

துவைக்கும் அளவைக் குறைத்து, அடிக்கடி துவையுங்கள். பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டால் காயும் நேரம் வெகுவாகக் குறையும். அறைக்குள் கொடி கட்டினால் துணிக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, மின்விசிறியைப் போட்டு, ஒரு சன்னலைத் திறந்துவையுங்கள். சன்னலை மூடிவிட்டால் துணியின் ஈரம் அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வேலைக்குப் போகிறேன். ஞாயிறு முழுவதும் துணியிலேயே போகிறது. வழி உண்டா?

ஞாயிற்றுக்கிழமையில் நேரத்தைத் தின்பது துவைப்பதைவிடப் பிரிப்பதும் மடிப்பதும்தான். வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என இரண்டு கூடைகள் வையுங்கள்; அவரவர் துணியைப் பையைத் துழாவி, உட்புறம் திருப்பி, அவரவரே போடட்டும். காய்ந்த துணியைக் கட்டிலில் மலையாகக் குவிக்காமல், கொடியிலிருந்து எடுக்கும்போதே ஆள்வாரியாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் பிரிக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடும். புதன்கிழமை இரவு ஒரு சுற்று ஓட்டினால் ஞாயிறு பாதியாகும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் உடுத்திய துணி ஒருவருடைய வேலையாக இருக்கும் வரை எந்த இயந்திரமும் அவருடைய ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் தராது. பத்து வயதுப் பிள்ளைக்குக் காலுறையை ஜோடி சேர்க்கத் தெரியும். கணவருக்குக் கொடியில் துணியை உதறிப் போடத் தெரியும். எங்கள் வீட்டில் அவரவர் துணியை அவரவரே மடித்துக்கொள்வது என்று ஆன பிறகுதான் ஞாயிறு மதியம் எனக்கும் கிடைத்தது.

இயந்திரத்தை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

நூல்தூசி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் மாதம் ஒருமுறை, துணி இல்லாமல், சிட்ரிக் அமிலப் பொடியை இரண்டு மூன்று மேசைக்கரண்டி போட்டு ஒரு சுற்று ஓட்டினால் சுண்ணாம்புப் படிவு கரையும். முன்பக்க இயந்திரமாக இருந்தால் இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் வெந்நீர் வைக்கலாம். அன்று பிளீச்சிங் பவுடர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. துவைத்து முடித்ததும் கதவின் ரப்பர் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், இயந்திரம் இருக்கும் குளியலறையின் அல்லது பால்கனியின் கதவைத் தாழிட்டுவிட்டு, இயந்திரத்தின் கதவைத் திறந்து வையுங்கள்.